டிஸ்க் பிரேக்கு கண்ட லாஞ்செஸ்டர்

மோட்டார் வண்டியின் சிறப்பை எடுத்துரைப்போர் பெரும்பாலும் அதன் வேகத்தையே வியந்து பேசுவர். அவ்வேகத்தை வேண்டிய இடத்தில் அடக்கி நிறுத்தும் உறுப்பைப் பற்றிப் பேசுவார் மிகச் சிலரே. குதிரையின் அழகைப் பாடுவோர் கடிவாளத்தைப் பாடுவதில்லை. ஆயினும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வண்டியில் அமர்ந்திருப்பவனுடைய உயிர், எஞ்சினைக் காட்டிலும் பிரேக்கையே நம்பியிருக்கின்றது. இக்காலத்துக் காரின் முன் சக்கரத்தை உற்று நோக்கினால், உள்ளே பளபளவென்று மின்னும் வட்டமான இரும்புத் தகடு ஒன்றும், அதன் விளிம்பைக் கவ்வி நிற்கும் கவ்வி ஒன்றும் தென்படும். இதுவே டிஸ்க் பிரேக்கு என்பது. இவ்வேற்பாட்டை 1902ஆம் வருஷத்திலேயே கருதி, பேடண்ட் உரிமையும் பெற்று, தம் வண்டியிலே பூட்டியும் பார்த்தவர் இங்கிலாந்து தேசத்து யந்திர நிபுணராகிய பிரெடெரிக் வில்லியம் லாஞ்செஸ்டர். உலகத்தார் அதனை ஏற்றுக்கொள்ள ஐம்பது வருஷங்கள் சென்றன. அவருடைய சரித்திரத்தைச் சுருங்கச் சொல்லி, அத்தாமதம் ஏன் நேர்ந்தது என்பதைச் சற்று விரிவாக ஆராயப் புகுகின்றோம்.

லாஞ்செஸ்டர் 1868ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 23ஆம் தேதி லண்டன் மாநகரின் ஒரு பகுதியாகிய லூயிஷாமில் பிறந்தார். தந்தையார் கட்டடச் சிற்பி. தாயார் லத்தீன் பாஷையும் கணிதமும் கற்பிக்க வல்லவர். மக்கள் எண்மருள் இவர் நான்காமவர். இவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பத்தார் கடற்கரைப் பட்டினமாகிய பிரைட்டனை அடுத்த ஹோவ் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். பின்னர் சவுதாம்டனில் இருந்த ஹார்ட்லி வித்தியாசாலையிற் பயின்று, உபகாரச் சம்பளம் பெற்று, லண்டன் சவுத் கென்சிங்டனிலிருந்த விஞ்ஞானக் கலாசாலையிற் சேர்ந்தார். அங்கே யந்திர நூற் பயிற்சி போதியதாக இல்லையென்று கண்டு, மாலை வேளைகளில் பின்ஸ்பரி தொழிற் கலாசாலைக்கும் சென்று வந்தார். 1888இல் படிப்பை விட்டபொழுது இவர் கையிற் பட்டம் ஒன்றும் இல்லை. பட்டத்தையே நினைந்து இரவெல்லாம் கண்விழிக்கும் நம் மாணாக்க நண்பர்கள் இதைக் கண்டு மனம் தளரவும் வேண்டா, மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடவும் வேண்டா. பட்டம் பெறாத அவர், பெற்றவர்கள் பலரினும் ஆழமாகக் கற்றிருந்தார் என்பதையும் உடன் நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

அடுத்த வருஷம் பர்மிங்ஹாம் நகரத்தில் வாயு எஞ்சின் செய்யும் பார்வர்டு கம்பெனியில் உதவி நிர்வாகியாக வாரத்துக்கு ஒரு பவுன் சம்பளத்தில் அமர்ந்தார். அங்கே நிகழ்ந்த ஒரு சிறு செய்தி இவருடைய இயல்பை நன்கு விளக்குகின்றது. இவர் கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தத்தில், வேலையில் இருக்குங்கால் இவர் கண்டுபிடிக்கும் நூதனங்கள் யாவும் கம்பெனிக்கே உரியன என்று ஒரு நிபந்தனை இருந்தது. இருபது வயது இளைஞர், சம்பளமோ ஒரு பவுன். எனினும் அந்நிபந்தனையைப் பேனாவினால் அடித்துவிட்டே கையொப்பமிட்டார். எஞ்சினின் வேகம் மிகாமல் காக்கும் ஒரு கருவியையும், பெரிய வாயு எஞ்சின்களை அபாயமின்றித் துவக்கும் ஒரு கருவியையும் விரைவிலேயே இயற்றினார். அவற்றால் வந்த பொருள் இவரைச் சேர்ந்தது. அப்பொருளே பின்னர் மோட்டார் வண்டிச் சோதனைகளுக்கு முதலாயிற்று.

1895இல் இவர் கட்டத் தொடங்கிய முதற் கார் 1896இல் வீதியில் ஓடிற்று. அக்காலத்தில் வேறு பலர் செய்தது, குதிரையை அவிழ்த்துவிட்டு அவ்விடத்தில் எஞ்சினைப் பொருத்தியதேயாம். லாஞ்செஸ்டரோ அவ்வாறு செய்யவில்லை. மோட்டார் வண்டி என்பது ஒரு தனிப் பொருள், அதன் ஒவ்வோர் உறுப்பும் மற்றை உறுப்புகளை நோக்கி முதலிலிருந்தே சிந்திக்கப்படல் வேண்டும் என்பது இவர் கொள்கை. எஞ்சின் அதிர்ந்தால் வண்டியில் இருப்பவர் எலும்பெல்லாம் நடுங்கும். ஆதலின் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு கிராங்கு தண்டுகளை வைத்து, ஒன்றன் அதிர்வை மற்றொன்று விழுங்கிவிடுமாறு இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வகுத்தார். இவருடைய இரண்டாம் கார் 1899இல் ரிச்மண்டு நகரத்தில் நடந்த கண்காட்சியில் பொற்பதக்கம் பெற்றது. அவ்வருஷம் டிசம்பர் மாதத்தில் சகோதரர் உதவியோடு லாஞ்செஸ்டர் எஞ்சின் கம்பெனி பர்மிங்ஹாமில் ஸ்தாபிக்கப்பட்டது. ஒரு வண்டியிலிருந்து கழற்றிய உறுப்பு அதே மாதிரியான மற்றொரு வண்டியிலும் அரத்தால் ராவாமலே பொருந்த வேண்டும் என்று இவர் விதித்தார். இன்று அது விதியென்றுகூட எவரும் எண்ணார். அன்றோ ஒவ்வொரு வண்டியும் தச்சன் கதவைச் செதுக்கிப் பொருத்துவது போலத் தனித்தனியே செய்யப்பட்டு வந்தது. பம்பாயிற் பிறந்த ஆங்கில ஆசிரியர் ருட்யார்டு கிப்ளிங்கும் லாஞ்செஸ்டர் கார் வைத்திருந்தவருள் ஒருவர்.

இனி பிரேக்கின் கதைக்கு வருவோம். அக்காலத்து வண்டிகளில் முன் சக்கரங்களுக்குப் பிரேக்கு வைப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. பின் சக்கரத்தையோ, எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் செல்லும் தண்டையோ, தோல் அல்லது உலோகப் பட்டை ஒன்று இறுகச் சுற்றிப் பிடிக்கும். மழையில் அது வழுக்கும். மேட்டில் வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் பட்டையும் அவிழ்ந்து தளரும். இக்குறையைப் போக்க 1902இல் இரண்டு வழிகள் ஒருங்கே பிறந்தன. பிரான்சு தேசத்து லூயி ரெனோ என்பவர் சக்கரத்தோடு சுழலும் ஒரு கிண்ணத்தின் உட்புறத்தே இரண்டு வளைந்த கட்டைகளை வைத்து, அவை விரிந்து கிண்ணத்தை உள்ளிருந்து அழுத்துமாறு செய்தார். அது டிரம் பிரேக்கு எனப்பட்டது. லாஞ்செஸ்டரோ மெல்லிய உலோகத் தகடு ஒன்றைச் சக்கரத்தோடு சேர்த்துப் பிணைத்து, அதன் விளிம்பை இருபுறத்தினின்றும் கவ்விப் பிடிக்கும் தாடை ஒன்றை அமைத்தார். ஒரே வருஷத்திற் பிறந்த இவ்விரண்டு பிள்ளைகளுள் ரெனோவின் பிள்ளை அரை நூற்றாண்டு அரசாண்டது; லாஞ்செஸ்டரின் பிள்ளை அஞ்ஞாதவாசம் செய்தது.

அறிவிற் குறைந்ததனால் தோற்றதா என்றால், அன்று. இரண்டனுள் சிறந்தது எது என்பதைச் சிறிது கணக்கிட்டுப் பார்ப்போம். பிரேக்கு என்பது வேகத்தை அழிப்பதில்லை. வேகத்தை உஷ்ணமாக மாற்றுகின்றது. 1000 கிலோ எடையுள்ள கார் ஒன்று 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்குமாயின், சுமார் இரண்டரை லட்சம் ஜூல் அளவான சக்தி பிரேக்குகளில் உஷ்ணமாக வெளிப்படும். அஃது ஏறக்குறைய முக்கால் லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. வேகம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்கு. மலைப் பாதையில் இறங்கும்பொழுது இது நிமிஷத்துக்கு நிமிஷம் நிகழ்வதாகக் கொள்ளுங்கள். டிரம்மிலே உஷ்ணம் மூடிய கிண்ணத்துக்குள் அடைபட்டுக் கிடக்கும். கிண்ணம் சூட்டினால் விரிந்து கட்டைகளை விட்டு விலகும். ஓட்டுபவன் பெடலை எத்துணை அழுத்தினும் பிடிப்புத் தளரும். தகடோ வெளிக்காற்றிற் சுழல்வது. அது சூட்டினாற் பருத்தால் கவ்வியை நோக்கியே பருக்கும். அதன்மேற் பட்ட நீரைத் தன் சுழற்சியாலேயே வீசியெறிந்துவிடும். ஆகவே கருத்தளவில் லாஞ்செஸ்டர் கண்டதே செவ்விய வழி என்பதில் ஐயமில்லை.

குறை கருத்தில் இல்லை. தாடையின் முகத்தில் இருந்தது. சுழலும் தகட்டை எதனாற் பிடிப்பது என்பதே கேள்வி. அன்று கிடைத்த பொருள்களுள் சூட்டைத் தாங்கக்கூடியது என்று கருதித் தாமிரத்தை வைத்தார். உலோகத்தை உலோகம் கவ்வியபொழுது எழுந்த கீச்சென்னும் ஓசை வீதியில் நடப்போர் காதைப் பிளந்தது. அக்காலத்து வீதிகளோ புழுதி மண்டியவை. புழுதி தகட்டுக்கும் தாமிரத்துக்கும் இடையே புகுந்து சாணைக்கல் போல அரைத்தது. தாமிரம் விரைவிலே தேய்ந்தொழிந்தது. மூடிய டிரம்மிற்குள் புழுதி அவ்வளவு எளிதில் நுழையாது. இன்று அதன் குற்றமாகச் சொல்லப்படும் அம்மூடாக்கே அன்று அதற்குக் கவசமாயிற்று. மற்றொரு காரணமும் உண்டு. டிரம்மின் முற்பக்கக் கட்டை, சுழற்சியினாலேயே இன்னும் இறுக இழுக்கப்பட்டு, ஓட்டுபவன் காலுக்குத் துணை செய்யும். தகட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. அழுத்திய அளவே பிடிக்கும். கம்பியும் நெம்புகோலும் கொண்டு காலின் வலிமையைச் சக்கரத்துக்கு அனுப்பிய அந்நாளில், அவ்வளவு அழுத்தத்தை எங்கிருந்து பெறுவது? திரவத்தின் வாயிலாக அழுத்தத்தைச் செலுத்தும் பிரேக்கு நான்கு சக்கரங்களுக்கும் அமைந்த டூசன்பர்க் கார் அமெரிக்காவில் வெளிவந்தது 1921இல்தான். லாஞ்செஸ்டருக்கு வேண்டியிருந்த துணைகளுள் ஒன்றேனும் 1902இல் பிறக்கவில்லை.

தாடைக்கு ஏற்ற முகத்தைத் தேடியவருள் தலையாயவர் ஹெர்பர்ட் பிரூடு என்னும் மற்றோர் ஆங்கிலேயர். இறக்கத்தில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய செருப்புத் தோலைச் சக்கரத்திற்கு அண்டை கொடுப்பதைக் கண்டு அவருக்கு இவ்வெண்ணம் தோன்றியது என்பர். நூற்பட்டையைப் பிசினில் ஊறவைத்துத் தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டு கழிவதற்குள் கல்நாரைப் பயன்படுத்தும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றிக் கோத்து பெரோடோ என்று தம் சரக்குக்குப் பெயரிட்டார். கல்நார் சூட்டுக்கு அஞ்சாது, ஓசையும் செய்யாது. ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும் கொடிய நஞ்சென்று பின்னரே தெளிவாயிற்று. பிரிட்டன் 1999இல் அதை முற்றும் விலக்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்நாரைக் கைவிட்டவர்கள் அதனிடத்தே சேர்த்த பொருள்களுள் தாமிரத் தூளும் ஒன்று! லாஞ்செஸ்டரின் தாமிரம் இவ்வாறு பின் வாசல் வழியாக மீண்டும் புகுந்தது. அதுவும் நிலைக்கவில்லை. தேய்ந்த தாமிரம் மழை நீரில் அடித்துச் செல்லப்பட்டு ஓடைகளில் மீன்களை வருத்துகிறதென்று கண்டு, கலிபோர்னியா மாகாணத்தார் 2010இல் சட்டம் செய்து, 2025 முதல் பிரேக் பேடுகளில் தாமிரம் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேற்படலாகாதென்று விதித்தனர்.

இவ்விடத்தில் சற்று நின்று, லாஞ்செஸ்டர் பட்ட பாடு இக்காலத்தவருக்கும் எவ்வாறு பயன்படும் என்பதைக் காட்ட விரும்புகின்றோம். பழைய அம்பாஸிடர், பியட் போன்ற கார்களை அருமையாகப் பேணும் அன்பர்கள் பலர் உளர். அவற்றின் நான்கு சக்கரத்திலும் டிரம்மே இருந்தது. அவற்றைக் கழற்றிவிட்டு நான்கிலும் டிஸ்க் பூட்டினால் நலமென்று அவர்களிற் சிலருக்கு ஆசை பிறக்கின்றது. ஆசை நல்லதே, ஆனால் கடைக்குப் போய் மிகப் பெரிய தகட்டையும் மிகக் கனத்த காலிப்பரையும் வாங்கி வருவதனால் அது நிறைவேறாது. காலிப்பர் என்பது லாஞ்செஸ்டரின் தாடைக்கு இன்றைய மெக்கானிக்குகள் வழங்கும் பெயர். தகடு பெரிதாயின் பிடிப்பின் வலிமை மிகும் என்பது உண்மை. ஆனால் அது சக்கரத்தின் இரும்பு வளையத்துக்குள் அடங்க வேண்டுமே! பழைய கார்களின் சக்கரம் டிரம்மை எண்ணிச் செய்யப்பட்டது. காலிப்பரின் முதுகு வளையத்தில் உரசினால் தகட்டின் பெருமையால் யாது பயன்? ஆகவே முதலில் அளக்க வேண்டுவது சக்கரத்தின் உட்புறத்தையே.

அதனினும் முக்கியமானது முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள பங்கீடு. பிரேக்கு பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னே சாய்கின்றது. பஸ்ஸில் நின்றுகொண்டு செல்பவர் யாவரும் இதனை அறிவர். முன் சக்கரங்கள் தரையை இறுகப் பற்ற, பின் சக்கரங்கள் இலேசாகிவிடுகின்றன. பின் சக்கரங்களுக்கும் முன்னதைப் போன்ற வலிய பிரேக்கை வைத்தால் அவை முதலிலே சுழற்சி நின்று வழுக்கும்; அப்பொழுது வண்டியின் வால் பக்கவாட்டில் வீசும்; வண்டி பம்பரமாகும். முன் சக்கரம் முதலிலே நின்றால் வண்டி நேரே வழுக்கிச் செல்லும். அதுவும் துன்பமே, எனினும் சிறிய துன்பம். ஆகவே பின்புறத்துக்குச் சிறிய பிஸ்டன் கொண்ட காலிப்பரைத் தெரிந்தெடுத்து, அதற்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றையும் இடையே வைப்பர். நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் என்பது நான்குக்கும் ஒரே டிஸ்க் என்று பொருள்படாது.

பெடலின் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரையும் மாற்ற நேரிடலாம். அதன் விட்டம் சிறிதாயின் அழுத்தம் மிகும், பெடல் ஆழமாக இறங்கும். பெரிதாயின் பெடல் கல்லைப் போலிருக்கும். 1 அங்குல விட்டத்தை 7/8 அங்குலமாக்கினால் அதே மிதிக்கு அழுத்தம் நூற்றுக்கு 30 பங்கு ஏறுகின்றது. பெடல் இறங்கும் தூரமும் அவ்விகிதத்திலேயே மிகுகின்றது. பௌதிக சாஸ்திரத்தில் ஒன்றைக் கொடாமல் மற்றொன்றைப் பெறுதல் இயலாது. தகட்டுக்குச் சுயமான இழுப்பு இல்லையென்று மேலே கூறினோமன்றோ? அக்குறையை ஈடுசெய்யவே எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு இயங்கும் பூஸ்டர் என்னும் துணைக்கருவி பெரும்பாலான கார்களிற் சேர்க்கப்படுகின்றது. டிரம் வண்டிகளின் குழாயில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு போல ஒரு மிச்ச அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் சிறு வால்வு ஒன்று இருப்பதுண்டு. அதை நீக்காமல் டிஸ்க்கைப் பூட்டினால், காலை எடுத்த பின்னும் பேடு தகட்டை உரசிக்கொண்டே இருந்து, சில மைல்களிலே புகை கிளம்பும். ஹேண்ட் பிரேக்கையும் மறத்தலாகாது. பின்புற டிஸ்க்கிலே நெம்புகோல் அமைந்த காலிப்பரையேனும், தகட்டின் நடுக்குடத்துள் சிறு டிரம் அடங்கிய வகையையேனும் தேர்தல் வேண்டும். பிரேக் ஆயிலும் அவ்வாறே. டாட் 3 வகை புதிதாயிருக்கும்போது கொதிப்பது 205 டிகிரியில். டாட் 4 வகை 230இல். இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையன. உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை தாழும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்பும். ஆவி அழுந்தி ஒடுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் தரையிற் போய் விழும். ஸிலிகோனாலாகிய டாட் 5 வகையை இவற்றோடு கலத்தல் கூடவே கூடாது.

இவ்வளவும் சொன்னது, ஓர் உறுப்பை மாத்திரம் சிறந்ததாக வாங்குவோன் லாஞ்செஸ்டரின் 1902ஆம் வருஷத்து நிலையை இந்நாளில் விலைகொடுத்து வாங்குகிறான் என்பதை விளக்கவே. அவருக்குத் தகடு இருந்தது, தாடை இருந்தது; முகம் இல்லை, அழுத்தம் இல்லை. அவர் காத்திருந்தமைக்குக் காலம் காரணம். இன்று கடையில் எல்லாம் கிடைக்க, பொருத்தம் பாராமற் பூட்டுபவனுக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

லாஞ்செஸ்டரின் கம்பெனிக்கும் இவ்வாறே ஒரு முக்கிய உறுப்புக் குறைந்திருந்தது. அது முதல் என்னும் பணம். வண்டிகளை விரும்பிக் கேட்போர் இருந்தும், கைம்முதல் போதாமையால் 1904இல் கம்பெனி கடன்காரர் சார்பிலான நிர்வாகத்தின் கீழ் வந்தது. மறு வருஷம் லாஞ்செஸ்டர் மோட்டார் கம்பெனி என்ற புதுப் பெயரோடு எழுந்தது. ஆனால் நிறுவியவரின் சொல்லுக்கு அங்கே முன்போல மதிப்பில்லை. 1909இல் டெயிம்லர் கம்பெனிக்கு ஆலோசகரானார். தம் பெயர் தாங்கிய வண்டிகளின் பொறுப்பு தம்பி ஜார்ஜின் கைக்குச் சென்றது. நீண்ட கிராங்கு தண்டு முறுகி அதிர்வதைத் தணிக்கும் கருவியும், நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வை எதிராகச் சுழலும் இரு தண்டுகளால் அடக்கும் முறையும் இக்காலத்தில் இவர் தந்தவை. பின்னதை 1970களில் ஜப்பான் தேசத்து மிட்சுபிஷி கம்பெனியார் தூசி தட்டி எடுத்துப் புகழ்பெற்றனர். அங்கும் காத்திருத்தலே!

ஆகாய விமான சாஸ்திரத்தில் இவருக்கு நேர்ந்தது இன்னும் வருந்தத்தக்கது. பறவைகள் சிறகசைக்காமல் மிதப்பதை உற்றுநோக்கி, சிறகைச் சுற்றிக் காற்று சுழல்வதே பாரத்தைத் தாங்கும் சக்திக்குக் காரணம் என்ற கருத்தை 1894இல் பர்மிங்ஹாம் சங்கமொன்றில் வாசித்தார். ரைட் சகோதரர் பறப்பதற்கு அப்பொழுது ஒன்பது வருஷங்கள் இருந்தன. 1897இல் அதை விரித்தெழுதி வெளியிட முயன்றபோது அறிஞர் சங்கத்தார் மறுத்தனர். 1907லும் 1908லும் இரு பெரும் நூல்களாக வெளியிட்டார். நூல் கடினம், சொற்களோ அவரே ஆக்கிக்கொண்டவை, கணித முறை பிறருக்கு எளிதில் விளங்காதது. 1908இல் ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரம் சென்று லூத்விக் பிராண்டல் என்னும் பேராசிரியரைக் கண்டு அளவளாவினார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. இடையே கணிதப் பேராசிரியர் ரூங்கே நின்று மொழிபெயர்த்தார். பத்தாண்டு சென்றபின் பிராண்டல் அக்கருத்தைத் தெளிவான கணித வடிவில் வெளியிட்டார்; உலகம் அதை உடனே ஏற்றது. இன்று அது லாஞ்செஸ்டர் பிராண்டல் கொள்கை என்று இருவர் பெயராலும் வழங்குகின்றது. பிராண்டல் அவர் சொல்லைத் திருடினாரென்று சிலர் பேசுவதுண்டு; நாம் அதற்கு உடன்படோம். தகட்டுக்குத் தக்க பேடு போல, லாஞ்செஸ்டரின் கருத்துக்குத் தக்க பாஷையைத் தந்தவர் பிராண்டல் என்பதே எமது துணிபு.

முதல் உலக யுத்த காலத்தில் இரு படைகளின் தொகைக்கும் வலிமைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டு 1916இல் ஒரு நூல் எழுதினார். படைத் தொகையின் வர்க்கத்தைப் பொறுத்தே வலிமை அமையும் என்ற அவர் விதியைப் போர் நூலார் இன்றும் கற்கின்றனர். 1919இல், தம் ஐம்பதாம் வயதில், டாரதியா கூப்பர் என்னும் குருவின் புதல்வியை மணந்தார். மக்கட்பேறு இல்லை. 1922இல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினரானார். 1926இல் ராயல் ஏரோநாட்டிகல் சங்கத்தின் பொற்பதக்கமும் 1931இல் அமெரிக்க நாட்டின் குக்கன்ஹைம் பதக்கமும் பெற்றார். பதக்கங்கள் பல வந்தன, பணம் வரவில்லை. 1925இல் ஒலிபெருக்கி செய்யத் தொடங்கிய சிறு தொழிற்சாலை சில வருஷங்களில் மூடப்பட்டது. பார்க்கின்ஸன் நோய் கைகளை நடுக்கியது, கண்ணொளி மங்கியது. அதிர்வை அடக்குவதற்கே வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டவருக்கு அந்நோய் வந்ததை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு கலங்குகின்றது. அறச்சங்கங்களின் உதவியினாலேயே பர்மிங்ஹாமில் தாம் கட்டிய வீட்டிலே இறுதிவரை இருக்க முடிந்தது. அவ்வீட்டிலே 1946ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 8ஆம் தேதி காலமானார்.

இன்னும் ஏழு வருஷம் உயிர் தரித்திருப்பாராயின் ஒரு காட்சியைக் கேட்டு மகிழ்ந்திருப்பார். 1953ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பிரான்சு தேசத்து லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், டன்லப் கம்பெனியார் ஆக்கிய டிஸ்க் பிரேக்கு பூட்டிய ஜாகுவார் கார் முதலிடம் பெற்றது. அதன் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைக் கடந்தது. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மற்றை வண்டிகள் பெடலை அழுத்தத் தொடங்கிய பின்னும் ஜாகுவார் விரைந்து சென்று, வளைவின் அருகிலே அடங்கியது. இரவும் பகலும் ஓடியும் அதன் பிரேக்குகள் தளரவில்லை. 1955இல் சிட்ரோவன் கம்பெனியார் தம் டி.எஸ். காரின் முன் சக்கரங்களுக்கு டிஸ்க்கை அமைத்துப் பெருந்தொகையாக விற்கத் தொடங்கினர். மறு வருஷமே ஜென்சன் கார் ஒன்று நான்கு சக்கரங்களிலும் அதனைத் தாங்கி வந்தது.

லாஞ்செஸ்டர் மோட்டார் கம்பெனி 1931லேயே டெயிம்லரின் உரிமையாளர் வசம் சென்றிருந்தது. அப்பெயரோடு வண்டிகள் செய்வது 1950களின் நடுவில், டிஸ்க் பிரேக்கு உலக வீதிகளுக்கு வந்த அதே காலத்தில், நின்றுபோயிற்று. 1960இல் டெயிம்லரை ஜாகுவார் கம்பெனியார் வாங்கினர். அச்சொத்தோடு லாஞ்செஸ்டர் என்ற பெயரும் அவர்கள் கைக்கு வந்தது. அப்பெயரில் ஒரு வண்டியையும் அவர்கள் செய்யவில்லை.